கல்யாணப் படத்தின் பின்பக்கம்

கல்யாண வீட்டில் நாதஸ்வரக் குழு வரத் தாமதமானால் சமாளித்து விடலாம். சமையல் கொஞ்சம் பிந்தினாலும் விருந்தினரைப் பேச்சில் உட்கார வைத்து விடலாம். ஆனால், படம் பிடிப்பவர் வரவில்லை என்றால்? பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்தே கையைப் பிசைவார்கள். கெட்டிமேளம் முழங்கிக் கொண்டிருக்கும். மாப்பிள்ளை தாலியை மணப்பெண்ணின் கழுத்தருகே கொண்டு போயிருப்பார். அப்போதும் "கொஞ்சம் இருங்க, இந்தப் பக்கம் பாருங்க" என்று ஒரு குரல் வந்தால், மாப்பிள்ளையின் கை நின்று விடுகிறது. மணவறையில் ஐயரின் சொல்லுக்கு அடுத்தபடியாகச் செல்லுபடியாவது படக்காரரின் சொல்தான்.

இந்த அதிகாரம் அவருக்கு எப்படி வந்தது? கல்யாணத்துக்கும் புகைப்படத்துக்கும் உள்ள உறவு எத்தனை காலத்து உறவு? அந்தக் கதையைப் புரட்டிப் பார்த்தால், நம் குடும்பங்களின் கதையும் கூடவே வருகிறது.

இரண்டு நிமிடம் அசையக்கூடாது

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-ஆம் ஆண்டில், பாரிஸ் நகரில். அடுத்த நான்கே ஆண்டுகளில் அது சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்து விட்டது. 1843-இல் இங்கு லண்டன் ஓட்டலை நடத்தி வந்த துத்ரோங்குவா என்பவர், வெள்ளித் தகட்டில் உருவம் பதித்துத் தருவதாகப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். ஒருவர் படத்துக்கு 10 வெள்ளி, இருவர் சேர்ந்த படத்துக்கு 15 வெள்ளி என்பது அவர் கேட்ட கட்டணம். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்து விடும் என்பது அவர் கொடுத்த உறுதி. அன்றைய கூலித் தொழிலாளி நினைத்தும் பார்க்க முடியாத தொகை அது.

அந்த இரண்டு நிமிடமும் சிலை போல அசையாமல் உட்கார வேண்டும். அசைந்தால் உருவம் கலைந்து விடும். பேரரசியே ஆனாலும் இதற்கு விதிவிலக்கு இல்லை. 1858-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் தேதி விக்டோரியா மகாராணியின் மூத்த மகளுக்குத் திருமணம். தேவாலயத்துக்குப் புறப்படும் முன் மகாராணி, கணவர் ஆல்பர்ட், மகள் மூவரும் படத்துக்கு நின்றார்கள். மகளைப் பிரியும் தாயின் உடல் நடுங்கியது. அந்தப் படத்தில் மகாராணியின் உருவம் மட்டும் மங்கலாக விழுந்திருக்கிறது. பாதி உலகை ஆண்டவர் என்றாலும், அன்றைக்கு அவர் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும் தாய்தானே!

மணமக்களைத் தேடி கேமரா வரவில்லை

இன்று படக்காரர் கல்யாண வீட்டைத் தேடி வருகிறார். அன்று மணமக்கள்தான் ஸ்டூடியோவைத் தேடிப் போனார்கள். காரணம் வெளிச்சம். மண்டபத்துக்குள் இருக்கும் விளக்கொளி அன்றைய கேமராவுக்குப் போதாது. ஸ்டூடியோக்களில் கண்ணாடிக் கூரை அமைத்து, சூரிய வெளிச்சத்தை உள்ளே கொண்டு வந்து படம் எடுத்தார்கள்.

சிங்கப்பூரில் 1867-இல் தொடங்கப்பட்ட ஜெர்மானியரான லாம்பர்ட்டின் ஸ்டூடியோ, இந்த வட்டாரத்தில் மிகவும் பேர் பெற்றது. பின்னர் மலாயாவின் பட்டணங்கள் பலவற்றில் ஜப்பானியர் ஸ்டூடியோ வைத்தார்கள். 1910-இல் சிங்கப்பூர் ஹில் ஸ்திரீட்டில் லீ சகோதரர்கள் தொடங்கிய ஸ்டூடியோவுக்குச் சீனர், பெரானாக்கான்கள், இந்தியர், யூரேஷியர் எனப் பல இனத்தவரும் வந்தார்கள். தலையிலிருந்து கால் வரை பொன்னும் பூத்தையலுமாக நிற்கும் பெரானாக்கான் மணப்பெண்களை அந்தப் படங்களில் காணலாம்.

அந்த ஸ்டூடியோவின் 2,500-க்கும் மேற்பட்ட படங்கள் இன்று சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பட்டின் மடிப்பு தெரிகிறது, காலணியின் மணிகள் தெரிகின்றன. தெரியாதது ஒன்றுதான்: படத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோரின் பெயர். பணம் செலவழித்து, நகை பூட்டி, மூச்சடக்கி நின்றவர்கள் யாருடைய பாட்டி, யாருடைய தாத்தா என்று சொல்ல இன்று ஆள் இல்லை.

இந்தியக் குடும்பங்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. வீட்டுப் பெண் அந்நிய ஆண் முன்னால் எப்படி உட்காருவது? இந்தத் தடைக்கு ஐதராபாத்தில் வழி கண்டார் லாலா தீன் தயாள். நிஜாமின் அரசவைப் புகைப்படக்காரரான அவர், 1892-இல் பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ ஒன்றைத் திறந்து, அதன் பொறுப்பை ஓர் ஆங்கிலேயப் பெண்மணியிடம் ஒப்படைத்தார். கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் அங்கே தயக்கமின்றி வந்து படம் எடுத்துக் கொண்டார்கள்.

லயத்துக் கல்யாணமும் ஒரே ஒரு படமும்

இனி நம் தோட்டப்புறத்துக்கு வருவோம். ரப்பர் தோட்டத்தில் கோயில் முன்னால் பந்தல் போட்டுக் கல்யாணம் நடக்கும். அங்கே கேமரா இருக்காது. கல்யாணம் முடிந்த சில நாட்களில் புதுமணத் தம்பதி பட்டணத்துக்குப் போய் ஸ்டூடியோவில் ஒரு படம் எடுத்துக் கொள்வார்கள். பின்னால் வரைந்த திரை, பக்கத்தில் பூச்சாடி வைத்த சிறு மேசை. கணவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார், மனைவி அருகில் நிற்பார். இருவர் முகத்திலும் சிரிப்பு இருக்காது.

அந்த ஒரு படத்துக்கு எத்தனை வேலை இருந்தது தெரியுமா? ஒரு பிரதி கப்பல் தபாலில் ஊருக்குப் போகும். மகனின் கல்யாணத்துக்கு வர முடியாத தாய், மருமகள் முகத்தை அதில்தான் முதன்முதலாகப் பார்ப்பாள். இன்னொரு பிரதி வீட்டுச் சுவரில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஏறும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய வேலை ஒன்று உண்டு. அந்தப் படம் ஒரு சாட்சி. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோரின் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய 1976-ஆம் ஆண்டுச் சட்டம், 1982 மார்ச் முதல் நாள்தான் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் மாதர் சாசனம் 1961 செப்டம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. அதற்கு முன் சமயச் சடங்கின்படி முறையாக நடந்த திருமணங்களையும் இவ்விரு சட்டங்களும் ஏற்றுக் கொண்டன. ஆனால் நடந்தது என்பதை யார் சொல்வது? பதிவுச் சீட்டு இல்லை. தாலி கட்டியதைப் பார்த்த பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடி விட்டார்கள். எஞ்சியிருப்பது அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான். "நாங்கள் கணவன் மனைவி" என்று ஊருக்கும் அரசாங்கத்துக்கும் காட்ட, ஏழைக் குடும்பத்திடம் இருந்த ஒரே ஆதாரம் அது என்றால் மிகையில்லை.

கறுப்புக்கு ஒரு கணக்கு, வெள்ளைக்கு ஒரு கணக்கு

கேமரா ஸ்டூடியோவை விட்டு வெளியே வர, செயற்கை வெளிச்சம் தேவைப்பட்டது. 1887-இல் ஜெர்மனியில் மக்னீசியப் பொடியைக் கொளுத்தி ஒளி உண்டாக்கும் முறை வந்தது. அதில் வெளிச்சத்தோடு புகையும் தீ அபாயமும் சேர்ந்தே வந்தன. 1929-இல் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் பிளாஷ் பல்பு வந்த பிறகே மண்டபத்துக்குள் பயமின்றிப் படம் எடுக்க முடிந்தது.

அடுத்து வந்தது வண்ணம். இங்கேதான் பலர் அறியாத ஒரு விஷயம் இருக்கிறது. படச்சுருளைக் கழுவிப் பிரதி எடுக்கும் கூடங்களுக்குக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வைக்கும். அதில் இருப்பவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி அட்டை' என்பது அதன் பெயர். அந்தப் பெண்ணின் தோல் நிறம் சரியாக வந்தால் வண்ணம் சரி என்று பொருள். வெள்ளைத் தோலை அளவுகோலாக வைத்த முறையில் மாநிறமும் கறுப்பும் எப்படிச் சரியாக வரும்? மணப்பெண்ணின் பட்டுச்சேலையும் ஜரிகையும் பளபளக்க, அவள் முகம் மட்டும் இருண்டு போன பழைய வண்ணப் படங்கள் பல வீடுகளில் உண்டு. குறை அவள் முகத்திலா இருந்தது?

இதில் வேடிக்கையும் வேதனையும் கலந்த செய்தி ஒன்று. கறுந்தவிட்டு நிறங்கள் சரியாக விழவில்லை என்று கோடாக்கிடம் அழுத்தமாகக் குறை சொன்னவர்களில் சாக்லெட் தயாரிப்பாளர்களும் மரத் தளவாடக்காரர்களும் இருந்தார்கள். சாக்லெட்டும் மேசையும் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நடந்த திருத்தம், கறுத்த மனிதர்களுக்கும் பயன்பட்டது. பல நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை வந்ததோ 1990-களில்தான்.

மலேசியா, சிங்கப்பூர் படக்காரர்களுக்கு இது அன்றாடச் சிக்கல். மாப்பிள்ளை தமிழர், மணப்பெண் சீனர் என்று வைத்துக் கொள்வோம். ஒருவர் முகத்துக்கு ஒளியைக் கூட்டினால் மற்றவர் முகம் வெளுத்துப் போகும். இரண்டு முகமும் அவரவர் நிறத்திலேயே வர வேண்டும் என்றால், வெளிச்சத்தை வைக்கும் இடத்திலும் கோணத்திலும் கவனம் வேண்டும். இதை வாடிக்கையாளரிடமே கற்றுக் கொண்டவர்கள் நம் ஊர்ப் படக்காரர்கள்.

சடங்கு தெரிந்தால்தான் படம்

நிறம் மட்டுமல்ல, சடங்கும் தெரிந்திருக்க வேண்டும். தமிழர் கல்யாணத்தில் மூன்று முடிச்சு விழுவது சில விநாடிகளில். தவறினால் அது திரும்ப வராது. மலாய்க்காரர் திருமணத்தில் உறுதிமொழி கூறும் 'அகாட் நிக்கா' அதற்கு ஈடான நேரம். மணமக்கள் பெலாமினில் வீற்றிருக்கும் 'பெர்சண்டிங்'கோ, ஊரார் கண்டு வாழ்த்துவதற்கென்றே அமைந்த காட்சி. அங்கே அவசரம் இல்லை. சீனர் வீட்டில் தேநீர் வழங்கும் சடங்கில் மூத்தவர் முதல் இளையவர் வரை வரிசை உண்டு. ஒரு பெரியவர் படத்தில் விடுபட்டால் மனக்கசப்பு நிச்சயம். சீக்கியர் திருமணத்தில் மணமக்கள் புனித நூலை நான்கு முறை வலம் வருவார்கள். படக்காரரும் தலையை மூடி, காலணியைக் கழற்றி விட்டே நிற்க வேண்டும்.

காலையில் கோயிலில் தாலி, மாலையில் தேநீர்ச் சடங்கு, இரவில் சீன உணவகத்தில் விருந்து என ஒரே நாளில் இரண்டு பண்பாடுகளைக் கடக்கும் குடும்பங்கள் இங்கு உண்டு. இரு வீட்டாரின் சடங்குகளையும் அன்றைய நாள் முழுக்க உடனிருந்து கவனிக்கும் மூன்றாம் மனிதர் அந்தப் படக்காரர் ஒருவரே.

சாட்சி காட்சியானது

1980-களில் வீடியோ கேமரா கல்யாண வீட்டுக்குள் நுழைந்தது. கூசும் விளக்கொளியில் வியர்த்தபடி விருந்தினர் சாப்பிட்டார்கள். 1994-இல் வெளிவந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' என்ற இந்திப் படம் கல்யாணத்தையே ஆடல் பாடல் திருவிழாவாகக் காட்டிப் பெரும் வெற்றி கண்டது. வடநாட்டு மெஹந்தி இரவும் சங்கீத் ஆட்டமும் மெல்ல மெல்லத் தமிழர் கல்யாணத்துக்குள்ளும் வந்து விட்டன.

பெரும் பணக்காரர்கள் கதை தனி. 2004-இல் உருக்குத் தொழிலதிபர் லட்சுமி மிட்டலின் மகள் திருமணக் கொண்டாட்டங்கள் பிரான்சின் வெர்சாய் அரண்மனையிலும் வோ-லெ-விகோந்த் மாளிகையிலும் நடைபெற்றன. 2007-இல் நடிகை எலிசபெத் ஹர்லி, இந்தியத் தொழிலதிபர் அருண் நாயரை மணந்தார். இங்கிலாந்தில் ஒரு முறை, ராஜஸ்தானில் ஒரு முறை என இரு கொண்டாட்டங்கள். அந்தப் படங்களின் உரிமை 'ஹலோ' இதழுக்கு விற்கப்பட்டது. 2024 ஜூலையில் மும்பையில் நடந்த அம்பானி வீட்டுத் திருமணமோ உலகத்தின் கைத்தொலைபேசிகளிலெல்லாம் ஓடியது. ஒரு காலத்தில் உறவினர் பார்க்க எடுத்த படம், உலகம் பார்க்க எடுக்கும் படமாகி விட்டது.

அதைப் பார்த்து நடுத்தரக் குடும்பங்களும் ஆசைப்படுகின்றன. கல்யாணத்துக்கு முன்பே கடற்கரையில் படப்பிடிப்பு, மண்டபத்துக்கு மேலே பறக்கும் கேமரா, சினிமா போன்ற முன்னோட்டம்! ஆசைப்படுவது தவறில்லை. கடன் வாங்கி எடுத்த படத்தின் தவணை, குழந்தை பிறந்த பின்னும் தொடர்ந்தால்தான் தவறு.

பின்பக்கத்தில் எழுதுங்கள்

படச்சுருள் காலத்தில் ஒரு சுருளில் 36 படங்கள். ஒவ்வொன்றும் காசு என்பதால் படக்காரர் யோசித்து எடுத்தார். இன்று ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் எடுக்க முடிகிறது. ஆனால் அவை எங்கே இருக்கின்றன? பழைய கணினியில், பழுதான சேமிப்புத் தட்டில், தொலைந்து போன கைத்தொலைபேசியில்.

தமிழ்நாட்டில் மூடப்பட்டு வரும் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடி எடுத்து மின்பதிவு செய்யும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு மேற்கொண்டது. காகிதமும் கண்ணாடித் தகடும் பல பத்தாண்டு தூசுக்குள் கிடந்தும் தப்பிப் பிழைத்ததால்தான் அது முடிந்தது. நம் காலத்துப் படங்களுக்கு அந்த வாய்ப்பு இருக்குமா?

பெரிய செலவு தேவையில்லை. ஆயிரம் படங்களில் பத்தைத் தேர்ந்தெடுத்து அச்சிட்டு வையுங்கள். நாள், ஊர், இடமிருந்து வலமாக நிற்பவர்களின் பெயர், உறவு முறை ஆகியவற்றைப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். முடிந்தால் படம் எடுத்தவரின் பெயரையும் சேர்த்துக் கொள்ளுங்கள். வீட்டில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருந்தால், அதில் இருப்பவர் யார் என்று சொல்லத் தெரிந்த பாட்டியிடம் இந்த வாரமே கேட்டு விடுங்கள். ஹில் ஸ்திரீட்டில் பொன்னும் பட்டுமாக நின்ற அந்த மணப்பெண்ணுக்கு எல்லாம் இருந்தது. அவள் பெயரை எழுதி வைக்க மட்டும் ஒருவரும் இல்லாமல் போனார்கள்.