படச் செய்தியின் தராசு

ஈழத்துத் தமிழ்ச் சினிமாவின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவது பழைய பத்திரிகைகளையே. பல படங்களின் பிரதிகள் இன்று கிடைப்பதில்லை. எஞ்சியிருப்பது அவற்றைப் பற்றிய செய்திதான். அந்தச் செய்தி எந்தத் தராசில் நிறுக்கப்பட்டது என்பதையும் நேயர்கள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மலையகத்திலிருந்தே ஓர் உதாரணம். 1975 இல் 'புதிய காற்று' திரைக்கு வந்தது. தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் தயாரித்து நடித்த படம், எஸ். இராமநாதன் நெறியாண்டார். எழுத்தில் தெளிவத்தை ஜோசப்பின் பங்கு இருந்தது. பதுளை மாவட்டத்தின் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934 இல் பிறந்தவர் அவர். லயத்து வாழ்வை உள்ளிருந்து அறிந்த ஒரு பேனா, திரைக்கும் எழுதியது.

எதிரே நின்றவை தமிழகப் படங்கள். 1972 இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு இறக்குமதி வந்த பின்னரும் எம்.ஜி.ஆர்., சிவாஜி மீதான மோகம் குறையவில்லை.

இத்தகைய போட்டியில் பக்கம் சாய்வதற்குப் பத்திரிகை பொய் எழுத வேண்டியதில்லை. ஒரு படத்துக்கு நட்சத்திரத்தின் பெரிய படமும் கதைச் சுருக்கமும். மற்றதற்கு மூலையில் நான்கு வரி. ஒன்று 'வெற்றிச் சித்திரம்'; மற்றது 'உள்நாட்டு முயற்சி'. இரண்டிலும் தகவல் சரியாகவே இருக்கலாம். ஆனால் 'முயற்சி' என்று தோளில் தட்டிவிட்டால், அப்படம் என்ன சொல்கிறது என்று பார்க்கும் பொறுப்பு கழிந்துவிடுகிறது. பரிவும் ஒரு பாரபட்சந்தான்.

அது சொல்லவந்த வாழ்க்கை எத்தகையது? 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1975 இலும் ஊவாத் தோட்டக் குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தன. எது தம் நாடு என்று அறியாது நின்றவர்களின் கதைக்கு, 'உள்நாட்டுப் படம்' என்ற முத்திரையே எவ்வளவு கனமானது! அந்தக் கனத்தைத் தொடாமல், ஒளிப்பதிவு தமிழகத் தரத்துக்கு வந்ததா என்று மட்டும் அளப்பதும் ஒரு சாய்வு.

மறுபக்கமும் உண்டு. தயாரிப்பாளர் தொழிற்சங்கவாதி. படத்தைப் புகழ்வது சங்கத்தைப் புகழ்வதாகவும், குறை கூறுவது சங்கப் பகையாகவும் மாற இடமிருந்தது. நம்மவர் படம் என்பதற்காகக் குறையை மறைத்தாலும் தராசு சாயத்தான் செய்யும்.

எனவே பழைய பத்திரிகையைப் புரட்டும் மாணவர் செய்தியின் நீளத்தைக் கொண்டு படத்தின் செல்வாக்கை அளந்துவிடக் கூடாது. அதே தாளில் திரையரங்கு விளம்பரத்தைப் பார்க்கட்டும். படம் எத்தனை நாள் ஓடியது என்பதை எண்ணட்டும். அன்று கொட்டகைக்குச் சென்ற முதியவர்கள் பதுளையிலும் பண்டாரவளையிலும் இன்னும் இருக்கிறார்கள். பத்திரிகை எழுதாமல் விட்டதை அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வது நம் கடமை.