முதலில் படிப்பா, முதலில் சேவையா: அமெரிக்கப் படைச் சேர்க்கையின் வரலாறு

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் ஒருவர் படையில் சேர விரும்பினால், பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். ஒன்று, ரிசர்வ் அதிகாரிகள் பயிற்சிப் படை எனப்படும் ஆர்.ஓ.டி.சி.யின் உதவித்தொகையில் கல்லூரியில் படித்து, பட்டத்தோடு அதிகாரியாக வெளிவருவது. மற்றொன்று, ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுச் சாதாரண வீரராகச் சேர்வது. முதல் வழியில் அரசு படிக்கவைத்துவிட்டுச் சேவையைக் கேட்கிறது. இரண்டாவதில் சேவையைப் பெற்றுக்கொண்டு படிக்கவைக்கிறது. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும் நிலை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே உருவானது. அதுவரை அதிகாரியாவதற்கான பாதை கல்லூரி வழியாகவும், சிப்பாயின் பாதை கல்லூரிக்குத் தொடர்பில்லாமலும் சென்றன.

அதிகாரிகளை உருவாக்க அமெரிக்கா முதலில் தொடங்கிய நிறுவனம் 1802-இல் அமைந்த வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கழகம். அதன் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆல்டன் பார்ட்ரிட்ஜ், பின்னர் அங்கிருந்து விலகி, 1819-இல் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு தனியார் கல்விக்கூடத்தைத் தொடங்கினார். தொழில்முறைப் படைவீரர்கள் மட்டுமே நாட்டைக் காப்பது குடியரசுக்கு ஏற்றதல்ல, படித்த குடிமக்களும் படை நடத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இன்று நார்விச் பல்கலைக்கழகமாக விளங்கும் அந்தக் கல்விக்கூடமே ஆர்.ஓ.டி.சி.யின் பிறப்பிடமாகக் கருதப்படுகிறது.

இந்தக் கொள்கைக்குச் சட்ட வடிவம் உள்நாட்டுப் போரின் நடுவில் கிடைத்தது. 1862 ஜூலையில் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட மாரில் சட்டம், கல்லூரிகள் தொடங்குவதற்காக மாநிலங்களுக்கு அரசு நிலத்தை வழங்கியது. வேளாண்மையும் பொறியியலும் கற்பிக்கவேண்டிய அக்கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் போர்க்கலையும் இடம்பெற வேண்டும் என்றது சட்டம். ஆனால் என்ன கற்பிப்பது, எவ்வளவு நேரம், யார் கற்பிப்பது என்பதை அது வரையறுக்கவில்லை. பல கல்லூரிகளில் அந்தப் பாடம் வாராந்திர அணிவகுப்பாகச் சுருங்கிப்போனது. அணிவகுத்த மாணவருக்குப் பட்டம் கிடைத்ததே தவிர, படையில் பதவி கிடைப்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

ஐரோப்பாவில் முதல் உலகப் போர் மூண்டபோது இந்தக் குறை வெளிப்பட்டது. பெரும்படையைத் திரட்ட வேண்டி வந்தால் அதை நடத்தும் இளநிலை அதிகாரிகள் போதுமான அளவில் இல்லை. 1916 ஜூனில் அதிபர் உட்ரோ வில்சன் கையெழுத்திட்ட தேசியப் பாதுகாப்புச் சட்டம் ஆர்.ஓ.டி.சி.யை முறையாக நிறுவியது. இரண்டு ஆண்டு அடிப்படைப் பயிற்சி, அதற்குப்பின் விரும்புவோருக்கு இரண்டு ஆண்டு மேல்நிலைப் பயிற்சி, முடிவில் ரிசர்வ் அதிகாரி பதவி என்ற வரிசை வகுக்கப்பட்டது. கடற்படை 1926-இல் தனக்கென ஒரு பிரிவைத் தொடங்கியது. அரசு நிலம் பெற்ற கல்லூரிகள் பலவற்றில் முதல் இரண்டு ஆண்டுப் பயிற்சி ஆண் மாணவருக்குக் கட்டாயமாக இருந்தது. சமய நம்பிக்கையின் காரணமாகப் பயிற்சியை மறுத்த கலிபோர்னியா மாணவர்கள் தொடுத்த வழக்கில், 1934-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டாயம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

இத்தனைக்கும் அது அன்று உதவித்தொகைத் திட்டம் அல்ல. மேல்நிலை மாணவருக்குச் சிறு படி மட்டுமே கிடைத்தது, கல்விக் கட்டணத்தைக் குடும்பமே செலுத்த வேண்டியிருந்தது. எனவே அதிகாரிப் பதவி கல்லூரிக்குப் போக வசதியிருந்தவருக்கே கைக்கெட்டியது. வசதியற்றவருக்கு எஞ்சிய வழி சிப்பாய் வேலை.

இந்த இடைவெளியைக் குறைத்தது 1944 ஜூன் 22 அன்று பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட, முன்னாள் வீரர்களுக்கான ஜி.ஐ. சட்டம். போர் முடிந்து திரும்பும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஒரே நேரத்தில் வேலை தேடி வந்தால் பொருளாதாரம் தாங்காது என்ற அச்சமே அதற்கு முக்கியக் காரணம். ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணமும், மணமாகாதவருக்கு மாதம் 50 டாலர் பிழைப்புப் படியும் தரப்பட்டன. அன்றைய பெரும்பாலான கல்லூரிகளின் கட்டணத்துக்கு 500 டாலர் தாராளமாகப் போதும். சுமார் 22 லட்சம் முன்னாள் வீரர்கள் இச்சட்டத்தின்மூலம் கல்லூரிக்குச் சென்றனர். தொழிற்பயிற்சி பெற்றவர்களையும் சேர்த்தால் 78 லட்சம் பேர். 1947-இல் கல்லூரி மாணவரில் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னாள் வீரர்கள். ஆனால் பலன் சமமாகப் பரவவில்லை. தென் மாநிலங்களில் இன ஒதுக்கல் நீடித்ததால், கறுப்பின வீரர் பலருக்குக் கல்லூரிக் கதவுகள் மூடியே இருந்தன. இருந்தாலும் ஒரு புதிய எண்ணம் வேரூன்றியது: சிப்பாயாகச் சேர்ந்தவரும் பட்டதாரியாக முடியும்.

அதிகாரிப் பாதையிலும் விரைவில் மாற்றம் வந்தது. ரியர் அட்மிரல் ஜேம்ஸ் ஹாலோவே தலைமையிலான குழு பரிந்துரைத்த திட்டம் 1946-இல் சட்டமாகி, கடற்படைப் பயிற்சி மாணவரின் கட்டணம், புத்தகம், சீருடை ஆகியவற்றை அரசின் பொறுப்பாக்கியது. தரைப்படைக்கும் விமானப்படைக்கும் இத்தகைய உதவித்தொகை 1964-இல்தான் கிடைத்தது. கல்லூரிகள் கட்டாயப் பயிற்சியைக் கைவிடத் தொடங்கியிருந்த காலம் அது. கட்டாயம் போன இடத்தில் பணத்தைக் காட்டித்தான் மாணவரை ஈர்க்க வேண்டியிருந்தது.

வியட்நாம் போர் இரு பாதைகளையும் உலுக்கியது. கட்டாய ராணுவச் சேவை நடைமுறையில் இருந்ததால், சிப்பாயாக இழுக்கப்படுவதற்குப் பதில் அதிகாரியாகச் செல்வது மேல் என்று எண்ணியே பலர் ஆர்.ஓ.டி.சி.யில் சேர்ந்தனர். 1969 டிசம்பரில் கட்டாயச் சேவைக்கு ஆள் எடுக்கக் குலுக்கல் முறை வந்ததும், பின்வரிசை எண் விழுந்தவருக்கு அந்தக் காரணம் மறைந்துபோனது. போர் எதிர்ப்பாளரின் கோபமும் பயிற்சிப் படைமீது திரும்பியது. 1970 மே 2 அன்று ஓஹாயோவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆர்.ஓ.டி.சி. கட்டடம் எரிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்து அதே வளாகத்தில் தேசியக் காவல்படையின் துப்பாக்கிச் சூட்டில் 4 மாணவர்கள் இறந்தனர். ஹார்வர்டு, யேல், கொலம்பியா பல்கலைக்கழகங்களிலிருந்து பயிற்சிப் படை வெளியேறியது. 2011 முதல்தான் அது அங்கெல்லாம் திரும்பியது. இதே கொந்தளிப்பான ஆண்டுகளில்தான் பெண்களுக்கும் அதில் இடம் கிடைத்தது: 1969-இல் விமானப்படைப் பிரிவிலும், 1972-இல் தரைப்படை, கடற்படைப் பிரிவுகளிலும்.

1973-இல் கட்டாயச் சேவை முடிவுக்கு வந்தபின், சிப்பாயையும் விலை கொடுத்தே அழைக்க வேண்டியதாயிற்று. புதிய வீரரின் அடிப்படைச் சம்பளம் அதற்கு முன்பே, 1971-இல், ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. ஆனால் 1976-க்குப் பிறகு சேர்ந்தவருக்கு ஜி.ஐ. சட்டத்தின் கல்விச் சலுகை நிறுத்தப்பட்டது. 1979-இல் நான்கு படைகளும் ஆள்சேர்ப்பு இலக்கை எட்டத் தவறின. மிசிசிப்பியின் நாடாளுமன்ற உறுப்பினர் மான்ட்கோமரியின் பெயரைத் தாங்கிய புதிய சட்டம் 1985-இல் நடைமுறைக்கு வந்து கல்விச் சலுகையை மீட்டது. அதைப் பெற, முதல் ஆண்டு முழுவதும் சம்பளத்தில் மாதம் 100 டாலரை விட்டுக்கொடுக்க வேண்டும். 2009 ஆகஸ்டில் தொடங்கிய அடுத்த திட்டம் அந்தப் பிடித்தத்தை நீக்கியது. 36 மாதச் சேவைக்கு ஈடாக, அரசுப் பல்கலைக்கழகத்தில் உள்மாநில மாணவர் செலுத்தும் கட்டணம் முழுவதையும் 36 மாதங்களுக்கு அது ஏற்கிறது. குறிப்பிட்ட நிபந்தனைகளோடு மனைவிக்கோ கணவருக்கோ பிள்ளைகளுக்கோ அதை மாற்றித் தரவும் முடியும்.

இன்றைய ஒப்பீட்டின் விவரங்கள் இந்த வரலாற்றிலிருந்தே வந்தவை. தரைப்படை உதவித்தொகை பெறும் பயிற்சி மாணவர், கட்டணத்தையோ தங்குமிட, உணவுச் செலவையோ அரசிடம் பெறலாம். அதிகாலை உடற்பயிற்சி, ராணுவ அறிவியல் வகுப்பு, வாரந்தோறும் களப்பயிற்சி, கோடை முகாம் ஆகியவை கல்லூரிப் படிப்போடு சேர்ந்தே நடக்கும். நான்காண்டு உதவித்தொகையில் முதல் ஆண்டுக்குள் விலகினால் கடன் எதுவும் இல்லை. இரண்டாம் ஆண்டு தொடங்கியபின் விலகுபவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், அல்லது சாதாரண வீரராகப் பணியாற்ற வேண்டியிருக்கலாம். எந்தப் பிரிவில் பணி என்பதைப் பெரும்பாலும் இறுதியாண்டில் தகுதி வரிசையைப் பார்த்து ராணுவமே தீர்மானிக்கும். நேரடியாகச் சேர்பவரோ தகுதித் தேர்வின் மதிப்பெண்ணுக்கு ஏற்ற வேலையைத் தொடக்கத்திலேயே ஒப்பந்தத்தில் எழுதி வாங்க முடியும். முதல் சம்பளத்தில் வேறுபாடு பெரிது: 2024-இல் புதிய வீரரின் மாத அடிப்படைச் சம்பளம் சுமார் 2,017 டாலர், செகண்ட் லெப்டினன்டுக்குச் சுமார் 3,826 டாலர். இரு சாராருக்கும் மொத்தச் சேவைக் கடமை பொதுவாக 8 ஆண்டுகள். அதில் ஒரு பகுதி முழுநேரப் பணி, மீதி ரிசர்வ். உதவித்தொகை பெற்ற அதிகாரி அதற்கு ஈடாகச் செய்யும் சேவைக்காலம் புதிய ஜி.ஐ. சலுகைக்குக் கணக்கில் வராது. ஒரே சேவைக்கு இருமுறை படிப்புச் செலவு தருவதில்லை என்பதே விதி.

ஒரு பாதையில் சென்றவர் மற்றதற்கு மாறவும் ஏற்பாடு உண்டு. 1941-இல் பென்னிங் கோட்டையில் தொடங்கிய அதிகாரி வேட்பாளர் பள்ளி, வீரர்களை அதிகாரிகளாக்குகிறது. பணியிலிருக்கும் வீரரைக் கல்லூரிக்கு அனுப்பி ஆர்.ஓ.டி.சி. மூலம் அதிகாரியாக்கும் தனித் திட்டமும் தரைப்படையில் இருக்கிறது. நாட்டின் மிக உயர்ந்த ராணுவப் பதவியான கூட்டுப் படைத்தலைவர் குழுத் தலைவர் பதவிக்கு எல்லா வழியிலும் ஆட்கள் வந்திருக்கிறார்கள். 1982-இல் அப்பதவியை ஏற்ற ஜான் வெஸ்ஸி, மினசோட்டா தேசியக் காவல்படையில் சிப்பாயாகச் சேர்ந்து, 1944-இல் இத்தாலியின் அன்சியோ போர்க்களத்தில் அதிகாரியானவர். பட்டப்படிப்பை 1963-இல்தான் முடித்தார். 1989-இல் வந்த காலின் பவல், நியூயார்க் சிட்டி கல்லூரியின் ஆர்.ஓ.டி.சி. மாணவர். அவருக்குப்பின் வந்த ஜான் ஷாலிகாஷ்விலி, கட்டாயச் சேவையில் அழைக்கப்பட்டு அதிகாரி வேட்பாளர் பள்ளி வழியாக உயர்ந்தவர்.