எந்தத் திகதியில் கேட்டது அந்தக் குரல்? யோசப் வாஸ் அடிகளாரும் தேவ அழைத்தலும்

1995 ஆம் ஆண்டு ஜனவரி 21 ஆம் திகதி. கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் யோசப் வாஸ் அடிகளாரை முத்திப்பேறு பெற்றவராகப் பிரகடனம் செய்தார். அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்து இரு வாரங்கள் கூட ஆகியிருக்கவில்லை. பத்திரிகைத்துறையில் நான் காலடி வைத்திருந்த காலம் அது. அடிகளாரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதித் தருமாறு செய்தி ஆசிரியர் பணித்தார். நானும் எழுதினேன். 'கடவுளின் குரலைக் கேட்டு இலங்கைக்கு வந்தார்' என்பது அதன் முதல் வாக்கியம்.

மறுநாள் காலை வயோதிபக் குருவானவர் ஒருவர் அலுவலகத்திற்குத் தொலைபேசி எடுத்தார். கட்டுரை நன்று என்றவர், சற்று நிறுத்தி, "தம்பி, அந்தக் குரல் எந்தத் திகதியில் கேட்டது?" என்று வினவினார். நான் திகைத்துப்போனேன். "தேடிப் பாரும்" என்று சொல்லி அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கேள்வி என்னோடு வருகின்றது. ஒருவர் தம்மைக் கடவுள் அழைக்கின்றார் என்பதை எவ்வாறு அறிந்துகொள்கின்றார்? அது கடவுளின் விருப்பமா, தமது சொந்த ஆசையா என்பதை எதனைக் கொண்டு பிரித்துணர்கின்றார்? மதபோதகர்களிடம் இக்கேள்விக்குப் பல விடைகள் உண்டு. வரலாற்றைப் படிப்பவன் என்ற வகையில் நான் ஒரு மனிதரின் வாழ்க்கையில் அதனைத் தேட முயன்றேன்.

குருக்கள் இல்லாத தேசம்

1658 ஆம் ஆண்டு ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். இலங்கையின் கரையோரங்களில் போர்த்துக்கேயரின் ஆட்சி அத்துடன் முடிவுக்கு வந்தது. கத்தோலிக்கக் குருக்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். குருவானவர் ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. கத்தோலிக்க ஆலயங்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தத் திருச்சபையின் கைக்கு மாறின. பிள்ளைகளின் ஞானஸ்நானமும் விவாகமும் அந்தத் திருச்சபையின் கீழ் இயங்கிய பாடசாலைத் தோம்புகளில் பதியப்பட வேண்டியிருந்தன. பதிவு இல்லையேல் உத்தியோகம் இல்லை, சொத்துரிமையிலும் சிக்கல். எனவே பகலில் ஒரு சமயத்தவராகவும் இரவில் இன்னொரு சமயத்தவராகவும் வாழும் நிலைக்குப் பலர் தள்ளப்பட்டனர்.

இருபத்தொன்பது ஆண்டுகள் அந்நிலை நீடித்தது. ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து, தானும் பிள்ளைகளைப் பெறுவதற்குப் போதுமான காலம் அது. அத்தனை காலமும் பூசையில்லை, பாவசங்கீர்த்தனமில்லை, மரணப் படுக்கையில் அவஸ்தைப்பூசுதலும் இல்லை. வீட்டுக்குள் ஒளித்து வைத்த செபமாலையும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த மந்திரங்களுமே எஞ்சியிருந்தன.

இந்தச் செய்தி கடல் கடந்து கோவாவைச் சென்றடைந்தது.

மறுக்கப்பட்ட விருப்பம்

யோசப் வாஸ் 1651 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி கோவாவின் பெனோலிம் கிராமத்தில் பிறந்தவர். தந்தையின் ஊர் சங்கோலே. கொங்கணி பேசும் பிராமண வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். 1676 இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். மறு ஆண்டு ஆகஸ்ட் 5 ஆம் திகதி தம்மைத் தேவமாதாவின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனம் எழுதிக் கையொப்பமிட்டார். பக்தி மிகுந்த இளங்குரு ஒருவரின் வாழ்வில் இவையெல்லாம் எதிர்பார்க்கக்கூடியவையே. இலங்கை அதில் இன்னும் இடம்பெறவில்லை.

இலங்கைக் கத்தோலிக்கர் ஆண்டுக்கணக்காகக் குருக்களின்றித் தவிக்கின்றனர் என்பதைக் கேள்வியுற்றபோதுதான் அங்கே செல்லும் விருப்பம் அவருள் எழுந்தது. கனவில் தேவதூதர் தோன்றவில்லை. பிறர் படும் துன்பம் செய்தியாக வந்தது. அவர் அதனைச் செய்தியாக மாத்திரம் கேட்டுவிட்டுப் போகவில்லை. செய்திகளைக் காலையில் அச்சேற்றி மாலையில் மறந்துவிடும் தொழிலைச் செய்து வந்த எனக்கு இந்த இடம் எப்போதும் உறுத்துவதுண்டு.

ஆனால் அவருடைய விருப்பம் உடனே நிறைவேறவில்லை. 1681 இல் கோவாவின் திருச்சபை அதிகாரிகள் அவரை இலங்கைக்கு அல்ல, கனராவுக்கு அனுப்பினர். இன்றைய கர்நாடக மாநிலத்தின் கரையோரப் பகுதியே அது. அங்கே போர்த்துக்கேய மன்னரின் பாதுகாப்புரிமையை ஏற்ற திருச்சபையினரும் உரோமாபுரியிலிருந்து நேரடியாக நியமனம் பெற்றவர்களும் அதிகாரத்திற்காக முரண்பட்டு நின்றனர். எந்தக் குருவிடம் செல்வது முறை என்று தெரியாது மக்கள் குழம்பினர். இளங்குரு ஒருவர் விரும்பிக் கேட்கக்கூடிய பணியன்று அது.

அவர் சென்றார். மூன்று ஆண்டுகள் ஊர் ஊராக நடந்தார். பிளவுபட்டவர்களிடையே சமாதானம் பேசினார். ஆலயங்களையும் பாடசாலைகளையும் அமைத்தார். தாம் கேட்டது கிடைக்கவில்லை என்பதற்காகக் கிடைத்ததை அரைகுறையாகச் செய்யவில்லை. 1684 இல் கோவா திரும்பினார்.

1685 இல் பழைய கோவாவில் உள்நாட்டுக் குருக்கள் சிலர் கூடி வாழத் தொடங்கியிருந்த சிறு குழுவில் இணைந்தார். ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியர்களைச் சேர்த்துக்கொள்ளப் பெரும்பாலும் மறுத்துவந்த காலம் அது. புனித பிலிப்பு நேரியின் ஒழுங்கைத் தழுவிய இந்த ஓரட்டோரியன் சபைக்கு யோசப் வாஸ் அடிகளாரே தலைவராகத் தெரிவானார். மதிப்பும் பாதுகாப்பும் உள்ள ஒரு வாழ்வு அவருக்குக் கிடைத்துவிட்டது. சாதாரண மனிதர் இதுவே கடவுளின் சித்தம் என்று அமைதியடைந்திருப்பார். அவரோ அடுத்த ஆண்டே தலைமைப் பொறுப்பைத் துறந்து, ஜோன் என்ற பணியாளருடன் தெற்கு நோக்கிப் புறப்பட்டார்.

ஆசை என்பது தடை வந்தால் தணிந்துவிடும். அல்லது கோபமாக மாறும். கனராவின் மூன்று ஆண்டுகளும் கோவாவின் தலைமைப் பதவியும் அவரது விருப்பத்தைத் தணிக்கவுமில்லை, கசப்பாக்கவுமில்லை. அது அழைத்தல்தான் என்பதற்கு இதனைவிட வேறு சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

கழுத்தில் ஒரு செபமாலை

குருவின் உடையில் இலங்கையில் கால்வைக்க இயலாது. எனவே கூலியாள் வேடம் பூண்டு தூத்துக்குடியிலிருந்து தோணியேறினார். 1687 இல் யாழ்ப்பாணத்தை அடைந்தபோது இருவரும் கடும் வயிற்றோட்டத்தால் வீழ்ந்தனர். தொற்றுக்கு அஞ்சி மக்கள் விலகிச் செல்ல, பெண்ணொருவர் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியினால் உயிர் பிழைத்தனர் என்று மரபு கூறுகின்றது. சாதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த யாழ்ப்பாணத்தில், பிராமண வழிவந்த ஒருவர் பிச்சைக்காரராக வாசல்தோறும் நின்றார் என்பதை எமது வாசகர்கள் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

யார் கத்தோலிக்கர் என்பதை எவ்வாறு கண்டுபிடிப்பது? வாய்விட்டுக் கேட்டால் ஒல்லாந்தரின் காதுக்கு எட்டிவிடும். எனவே ஒரு செபமாலையைக் கழுத்தில் அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். பெரும்பாலானோருக்கு அது வெறும் மாலை. சிலருடைய கண்கள் மாத்திரம் அதில் நிலைத்து நின்றன. அவ்வாறு நிலைத்த கண்களை அவர் அடையாளம் கண்டுகொண்டார். தாம் குருவானவர் என்பதை மெல்ல வெளிப்படுத்தினார். சில்லாலைக் கிராமம் அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. இரவில் வீடுகளில் பூசை நடந்தது. தமிழையும் பின்னர் சிங்களத்தையும் அவர் கற்றுத் தேர்ந்தார்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இருபத்தொன்பது ஆண்டுகளின் பின்னர் அவர் வந்தபோது மக்கள் அவரைத் தேடிவரக் காரணம், விசுவாசம் அப்போதும் உயிரோடிருந்தமையே. அதனைக் காத்தவர்கள் பெயர் தெரியாத தாய்மாரும் முதியோரும் ஆவர். தேவ அழைத்தல் என்றதும் குருக்களையும் கன்னியரையும் மாத்திரம் நினைக்கின்றோம். பிள்ளைக்குச் சிலுவை அடையாளம் போடச் சொல்லிக் கொடுத்த ஒரு தாயும் அழைக்கப்பட்டவளே. அவளுக்குச் சரித்திரத்தில் பெயரில்லை, அவ்வளவுதான். அடிகளார் பின்னர் ஊர்தோறும் பொதுநிலையினர் சிலரைத் தெரிந்து, செபங்களை நடத்தவும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பிக்கவும் அவர்களிடம் பொறுப்புகளைக் கொடுத்தார். இன்றும் எமது ஊர்களில் வழங்கும் மூப்பர், அண்ணாவியார் என்ற பெயர்களின் பின்னால் இந்த மரபு இருக்கின்றது.

பிறர் கொடுத்த விலை

1689 ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர் திடீரென வீடுகளைச் சுற்றிவளைத்தனர். அடிகளார் தப்பினார். வழிபாட்டுக்குக் கூடியிருந்த மக்கள் பிடிபட்டனர். சிறையும் கடுந்தண்டனைகளும் அவர்களுக்குக் கிடைத்தன.

புனிதர்களின் சரிதங்களில் 'அற்புதமாகத் தப்பினார்' என்று இப்பகுதி விரைந்து கடந்து செல்வதுண்டு. என்னால் அவ்வாறு கடக்க முடியவில்லை. ஒருவருடைய அழைத்தலுக்கு அந்த இரவில் பிறர் விலை கொடுத்தனர். இதனை அவர் எவ்வாறு தாங்கிக்கொண்டார்? அவருடைய உள்ளத்துக்குள் நாம் புக முடியாது. அவர் அதன்பின் நடந்துகொண்ட விதத்தை மாத்திரமே பார்க்க முடியும். 1690 இல் கண்டி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்திற்குச் சென்றார். அங்கிருந்து 1692 இல் கண்டிக்குப் போனபோது, போர்த்துக்கேயரின் உளவாளி என்ற சந்தேகத்தில் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னரின் ஆட்கள் அவரைச் சிறையிலடைத்தனர். கோவாவுக்குத் திரும்பிச் செல்லும் வழியை அவர் தேடவில்லை. சிறையிலிருந்தபடியே சிங்களம் கற்றார். சிறிய குடிலொன்றை அமைத்துச் செபித்தார்.

1697 இல் கண்டியில் வைசூரி பரவியது. மன்னரும் மக்களும் நகரைவிட்டு அகன்றனர். நோயாளர் தெருக்களிலும் காட்டோரங்களிலும் கைவிடப்பட்டனர். யோசப் வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகனான யோசப் கர்வாலோ அடிகளாரும் அங்கே தங்கிவிட்டனர். கைவிடப்பட்டவர்களுக்குக் குடிசை போட்டனர், உணவூட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தவர்களைப் புதைத்தனர். பௌத்தரா கத்தோலிக்கரா என்று பார்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அவரை நோய்க்கு அஞ்சி விலகிச்சென்ற மக்களிடையே ஒருத்தி கொடுத்த கஞ்சியை, பத்து ஆண்டுகளின் பின்னர் அவர் கண்டியில் திருப்பிக் கொடுத்தார் என்றே நான் எண்ணுகின்றேன். பௌத்த மன்னரின் நாட்டில் அவருடைய பணிக்குச் சுதந்திரம் கிடைத்ததற்கு இந்தத் தொண்டு பெருங்காரணமாயிற்று.

உயர் பதவி தேடிவந்தபோது அதனை ஏற்கவில்லை. கோவாவிலிருந்து மேலும் ஓரட்டோரியன் குருக்கள் வந்து சேர்ந்தனர். 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய நூல்கள் இலங்கைக் கிறிஸ்தவ இலக்கியத்திற்கு அடித்தளமிட்டன என்பது குறிப்பிடத்தக்கது. 1711 ஆம் ஆண்டு ஜனவரி 16 ஆம் திகதி யோசப் வாஸ் அடிகளார் கண்டியில் காலமானார். வாழ்நாள் முழுவதும் செய்யத் தவறியதை மரணவேளையில் இலகுவில் செய்துவிட முடியாது என்பதே தம்மைச் சூழ்ந்திருந்தோருக்கு அவர் இறுதியாகக் கூறியதாகப் பதிவாகியுள்ளது. இன்று அவருடைய கல்லறை எங்கே என்பது எவருக்கும் தெரியாது.

திகதிக்கான விடை

2015 ஆம் ஆண்டு ஜனவரி 14 ஆம் திகதி, தைப்பொங்கலுக்கு முந்தைய நாள், அதே காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடுமாதா திருத்தலத்திற்கும் சென்றார். முதல் நிகழ்வுக்கும் இரண்டாவதற்கும் இடையிலான இருபது ஆண்டுகளில் எமது மண்ணில் நிகழ்ந்தவற்றை நான் இங்கே எழுத வேண்டியதில்லை.

அந்த ஆண்டுகளில் 'அழைப்பு' என்ற சொல்லைப் பலருடைய வாயிலிருந்து கேட்டோம். தாம் அழைக்கப்பட்டவர்கள் என்று நம்பிப் பிறருடைய பிள்ளைகளை முன்னே அனுப்பியவர்களையும் கண்டோம். ஷெல் விழும் ஊரைவிட்டு அகலாது மக்களுடனேயே தங்கிவிட்ட குருக்களையும் கண்டோம். இருசாராரும் ஒரே சொல்லையே பயன்படுத்தினர். எனவே வேறுபாட்டை அறிய ஓர் உரைகல் தேவைப்பட்டது. அந்தக் குரல் யாரிடம் விலை கேட்கின்றது என்பதே நான் கண்ட உரைகல். யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வில் அது முதலில் அவரிடமே கேட்டது. பிறரும் விலைகொடுக்க நேர்ந்த பின்னரும், அவர் தமது பங்கைக் குறைத்துக்கொள்ளவில்லை.

அந்த வயோதிபக் குருவானவர் இப்போது இல்லை. இருந்திருந்தால் என் விடையைச் சொல்லியிருப்பேன். அந்தக் குரலுக்குத் திகதி கிடையாது, சுவாமி. செய்தி காதில் விழுந்த காலத்திற்கும் யாழ்ப்பாணக் கரையில் கால்பட்ட 1687 க்கும் இடையில் குறைந்தது ஆறு ஆண்டுகள் உண்டு. விரும்பியது மறுக்கப்பட்டு, விரும்பாதது கொடுக்கப்பட்டு, கொடுக்கப்பட்டதை முழுமையாகச் செய்து, கிடைத்த மதிப்பை விட்டுவிட்டுப் புறப்பட்ட ஆறு ஆண்டுகள். அவர் குரலைக் கேட்டது அந்த ஆறு ஆண்டுகளிலுந்தான்.

1995 இல் நான் எழுதிய முதல் வாக்கியம் பிழையன்று. அவசரத்தில் எழுதப்பட்டது.