வணிகப் படிப்பு வந்த வழி



எஸ்.பி.எம். முடிவுகள் வெளியாகும் நாள்களில் ஆசிரியர்களைத் தேடி வரும் பெற்றோர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர்: "பிள்ளை எதைப் படிக்கலாம்?" அறிவியல் பாடங்களில் சிறந்த தேர்ச்சி பெற்ற பிள்ளைக்கு மருத்துவம், பொறியியல் என்று விடை உடனே வந்துவிடும். மற்றப் பிள்ளைகளுக்கு, "பிசினஸ் எடுக்கட்டுமே, ஏதாவது வேலை கிடைக்கும்" என்பதே பொதுவான விடை. வேறு எதுவும் முடிவாகாதபோது எடுக்கும் படிப்பாக வணிகப் படிப்பு நம்மிடையே ஆகிவிட்டது. மூன்று ஆண்டுகள் கழித்துப் பட்டத்தோடு வெளியே வரும் பிள்ளை, எந்த வேலைக்குப் போவது என்று அப்போதுதான் சிந்திக்கத் தொடங்குகிறது. கல்விக்கடனோ அந்தச் சிந்தனைக்காகக் காத்திருப்பதில்லை.

இப்படிப்பின் வரலாற்றைச் சற்றுப் புரட்டினால் ஓர் உண்மை புலப்படும். வணிகக் கல்வியின் ஒவ்வொரு வடிவமும் யாரோ ஒருவருடைய குறிப்பிட்ட தேவைக்காக உருவாக்கப்பட்டது. தன் தேவை என்னவென்று அறியாமல் அதற்குள் நுழையும் மாணவன், வேறொருவர் கேட்ட கேள்விக்கான விடையை மனப்பாடம் செய்துவிட்டு வருகிறான். அந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

பெட்டியடியில் கற்ற பாடம்

கல்லூரிகள் தோன்றுவதற்கு முன்பே தமிழரிடம் வணிகக் கல்வி இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் மலாக்காவுக்கும் வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார், கிட்டங்கி எனப்படும் நீண்ட கூடங்களில் தங்கி, அங்கேயே வட்டித்தொழில் நடத்தினர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகள் 1970களில்தான் மறைந்தன. தேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859இல் அவர்கள் எழுப்பியதாகும்.

அந்தச் சமூகத்துச் சிறுவன் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்தான். இருபதில் ஒரு பங்கு மா. எண்பதில் ஒரு பங்கு காணி. முந்நூற்று இருபதில் ஒரு பங்கு முந்திரி. இந்தக் கீழ்வாய் இலக்கங்களை வைத்து அவன் வட்டியை மனத்திலேயே கணக்கிட்டான். பின்னர்க் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தான். எடுபிடி வேலை செய்துகொண்டே குறிப்பில் அன்றாட வரவு செலவை எழுதவும், அதைப் பேரேட்டில் பெயர் வாரியாகப் பிரிக்கவும், முடிவில் ஐந்தொகை போட்டுக் கடையின் நிலையைக் காட்டவும் கற்றான். தேறியவன் அடுத்தாள் ஆனான். மேலும் தேறியவன் மேலாள் ஆகிக் கடல் கடந்து வந்து, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் முதலாளியின் பணத்தை நிர்வகித்து, ஊர் திரும்பிக் கணக்கு ஒப்படைத்தான்.

இம்முறையில் படிப்பும் வேலையும் ஒன்றாகவே நடந்தன. தொழிலின் ஒவ்வொரு மூலையையும் கண்ணால் கண்ட பிறகே ஒருவனிடம் பொறுப்பு தரப்பட்டது. ஆனால் ஒரு பெருங்குறையும் இருந்தது. அந்தக் கதவு அச்சமூகத்து ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே திறந்தது. எந்தத் துறையில் இறங்குவது என்ற கேள்வியே அவர்களுக்கு எழவில்லை; பிறப்பே அதை முடிவு செய்துவிட்டது. பிற்காலத்தில் கல்லூரி வந்தபோது அந்தக் கதவு எல்லாருக்கும் திறந்தது. அதே வேளையில், கூடவே இருந்த தொழில் பழக்கம் பாடத்திலிருந்து விலகிப் போயிற்று. இன்றைய பட்டதாரியின் தடுமாற்றத்திற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

வணிகம் பல்கலைக்கழகம் ஏறியது

வெனிஸ் வணிகர்கள் கையாண்ட இரட்டைப்பதிவுக் கணக்கு முறையை விளக்கி லூக்கா பச்சோலி என்னும் கணித அறிஞர் 1494இல் நூல் அச்சிட்டார். ஆயினும் அதன்பின் பல நூற்றாண்டுகள் வரை பல்கலைக்கழகங்கள் வணிகத்தைக் கடைத்தெரு விவகாரமாகவே கருதின.

அமெரிக்காவில் அந்நிலை மாறியது. இரும்பு, நிக்கல் தொழில்களில் செல்வம் ஈட்டிய ஜோசப் வார்ட்டன், 1881இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திற்கு ஒரு லட்சம் டாலர் வழங்கி வணிகப் பள்ளியை நிறுவச் செய்தார். கணக்கு அலுவலகத்தில் எடுபிடியாக இருந்து கற்பது வளர்ந்துவரும் தொழிலுலகிற்குப் போதாது என்பது அவருடைய எண்ணம். 1908இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் வணிகப் பள்ளியைத் தொடங்கி எம்.பி.ஏ. பட்டத்தை அறிமுகப்படுத்தியது. பெரிய நிறுவனங்களுக்கு நிர்வாகிகள் தேவைப்பட்ட காலம் அது.

பிறகு வணிகப் பள்ளிகள் பெருகின. பெருகியதோடு தரமும் சரிந்தது. 1959இல் ஃபோர்டு அறநிறுவனமும் கார்னகி நிறுவனமும் தனித்தனியே வெளியிட்ட இரண்டு ஆய்வுகள் அந்நாட்டு வணிகக் கல்வியைக் கடுமையாகக் குறை கூறின. பாடங்கள் மிகக் குறுகிய வேலைத் திறன்களாகச் சிதறிக் கிடக்கின்றன. மாணவர்களுக்குக் கணிதமும் மொழியும் சமூக அறிவும் போதவில்லை என்பதே அவற்றின் சாரம். அடிப்படை அறிவு இல்லாத தொழிற்பாடம் விரைவில் பழையதாகிவிடும் என்ற எச்சரிக்கை இன்றும் நமக்குப் பொருந்தும்.

மலாயாவில் நடந்தது

காலனித்துவ மலாயாவுக்குத் தேவைப்பட்டவர்கள் எழுத்தர்கள். ஆகவே ஆங்கிலப் பள்ளி முடித்தவர்கள் தட்டச்சு, சுருக்கெழுத்து, கணக்குப்பதிவு ஆகியவற்றைக் கற்று அலுவலகங்களில் அமர்ந்தனர். தோட்டங்களில் கிராணி வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளுமே. பால்மரம் வெட்டியவரின் பிள்ளைக்கு, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தின்கீழ்த் தோட்ட நிருவாகம் நடத்திய தமிழ்ப்பள்ளியே கிடைத்தது. அங்கிருந்து கணக்கு அறைக்குச் செல்ல வழி இல்லை. சம்பளக் கணக்கை எழுதுபவர் ஒருவர், கைநாட்டு வைப்பவர் வேறொருவர் என்ற நிலை இரண்டு தலைமுறைகள் நீடித்தது.

விடுதலைக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் சிறுசேமிப்பைப் பங்காக இட்டுத் தோட்டம் வாங்கினர். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அவ்வாறு வாங்கப்பட்டது. வணிகத்திற்கு வேண்டிய முதலை ஏழைகளும் திரட்ட முடியும் என்பதற்கு இது சான்று. அந்த முதலைப் பேணுவதற்கு ஐந்தொகை படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும் என்பதும் இதன் பாடமே.

உயர்கல்வியிலும் அக்காலத்தில் புதிய கதவுகள் திறந்தன. கிராமப்புற மலாய்க்காரர்களைத் தொழில்துறைக்குக் கொண்டுவர 1956இல் தொடங்கிய ரீடா பயிற்சி மையம், 1967இல் மாரா தொழில்நுட்பக் கழகமாக வளர்ந்தது. சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் 1965இல் வணிக நிர்வாகத்துறை தோன்றியது. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் 1966இல் பொருளியல், நிர்வாகப் புலத்தை அமைத்தது. அதன் முதல் புலத்தலைவர் உங்கு அஜீஸ். 1967இல் கணக்காளர் சட்டம் இயற்றப்பட்டு மலேசியக் கணக்காளர் கழகம் உருவானது. நாடு தனக்கு எத்தகைய ஆள் வேண்டும் என்று தெளிந்து கட்டிய கதவுகள் இவை. சிங்கப்பூர் இன்னும் ஒரு படி சென்று, 2000இல் வார்ட்டன் பள்ளியின் துணையோடு சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தை நிறுவியது.

கல்லூரி அலை

மலேசியாவில் 1971க்குப் பின் புதிய பொருளாதாரக் கொள்கையின்கீழ் அரசுப் பல்கலைக்கழக இடங்கள் இன விகிதப்படி ஒதுக்கப்பட்டன. இடம் கிடைக்காதவர்கள் வெளிநாட்டை நோக்கினர். 1980களின் தொடக்கத்தில் பிரிட்டன் வெளிநாட்டு மாணவர்களிடம் முழுக்கட்டணம் வாங்கத் தொடங்கியதும் அந்த வழியும் இறுகியது. உள்நாட்டுத் தனியார் கல்லூரிகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு இணைந்து பாடங்களை நடத்தத் தொடங்கின. 1996இல் தனியார் உயர்கல்விச் சட்டம் வந்தது. 1997இல் பி.டி.பி.டி.என். கல்விக்கடன் வந்தது. அதே ஆண்டின் நிதி நெருக்கடியில் ரிங்கிட் சரிந்தபோது, வெளிநாட்டுப் பட்டத்தை முழுவதும் இங்கேயே படிக்கும் முறையும் பரவியது.

இந்த அலையில் வணிகப் படிப்பு முன்னே நின்றதற்கு எளிய காரணம் உண்டு. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம், மருத்துவமனை வேண்டாம். கடைவீட்டு மாடியில் நான்கு வகுப்பறைகளும் விரிவுரையாளர்களும் இருந்தால் தொடங்கிவிடலாம். நடத்துவதற்கு மலிவான படிப்பு எளிதில் பெருகியது. பெருகிய இடங்களை நிரப்ப விளம்பரங்கள் வந்தன. "எல்லாத் துறைக்கும் ஏற்ற படிப்பு" என்ற எண்ணம் நம் வீடுகளுக்குள் இப்படித்தான் புகுந்தது.

இப்படிப்பை நான் குறைத்துக் கூறவில்லை. தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கு முதல் பட்டத்தைத் தந்தது இதுவே. என் கவலை, திசை தெரியாமல் எடுப்பதைப் பற்றியது.

எந்தக் கதவு?

வணிகம் என்ற ஒரே பெயருக்குள் பல வேலைகள் உள்ளன. கணக்கியல் சட்டத்தால் வரையறுக்கப்பட்ட தொழில். 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கும் பட்டமோ தொழில்முறைத் தகுதியோ பெற்று, அதற்குரிய பணிப் பட்டறிவும் கொண்டவரே கழகத்தில் கணக்காளராகப் பதிவு பெற முடியும். சேரும் படிப்பு அந்தப் பாதையில் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்று முதல் நாளே கேட்டாக வேண்டும். நிதித்துறைக்குக் கணிதத்தில் ஈடுபாடு வேண்டும். சந்தைப்படுத்தலுக்கு மொழித்திறனும் மனிதரைக் கூர்ந்து நோக்கும் பழக்கமும் வேண்டும். மனிதவளத் துறைக்குத் தொழிலாளர் சட்ட அறிவு துணை செய்யும். சொந்தத் தொழில் தொடங்க விரும்புபவனுக்குப் பட்டத்தைவிட, விரும்பும் தொழிலில் ஓராண்டு வேலை செய்த பட்டறிவு முதலில் உதவக்கூடும்.

எனவே, விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் பெற்றோர்கள் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும்.

1. பிள்ளை காலை முதல் மாலை வரை செய்ய விரும்பும் வேலை எத்தகையது? எண்களோடா, மனிதரோடா, பொருளோடா?

2. இந்தப் படிப்பு மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் உள்ளதா? எந்தத் தொழில்முறை அமைப்பு இதை ஏற்கிறது?

3. தொழிற்பயிற்சி எத்தனை மாதம்? எங்கே? பயிற்சியின்போது உண்மையான வேலை கொடுக்கிறார்களா?

4. மொத்தக் கடன் எவ்வளவு? தொடக்கச் சம்பளத்தில் மாதத் தவணை போக எவ்வளவு மிஞ்சும்? இந்தக் கணக்கைப் பிள்ளையே போட்டுக் காட்டட்டும். வணிகப் படிப்புக்கு இதைவிட நல்ல நுழைவுத் தேர்வு இல்லை.

மூன்றாவது கேள்வியைப் பலர் பொருட்படுத்துவதில்லை. உறவினர் கடையில் பெயரைப் பதிந்து, முடிவில் கையொப்பம் மட்டும் வாங்கிவரும் வழக்கமும் உண்டு. பெட்டியடிப் பையன் பல ஆண்டுகளில் கண்ணால் கண்டதை, இன்றைய மாணவன் அந்தச் சில மாதங்களில்தான் காண முடியும். அதையும் இழந்தால் கையில் மிஞ்சுவது காகிதமே.

ஆசிரியர்களுக்கும் பங்கு உண்டு. தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களே பள்ளிச் சிற்றுண்டிச்சாலையின் விலையையும் செலவையும் கணக்கிடலாம். தங்கள் சேமிப்புக்குப் பற்று வரவு எழுதலாம். கணக்காளர் ஒருவரையோ கடை நடத்தும் முன்னாள் மாணவர் ஒருவரையோ பள்ளிக்கு அழைத்துக் கேள்வி கேட்கலாம். பதினேழு வயதில் கேட்கப்படும் "எதைப் படிக்கலாம்?" என்ற கேள்விக்கு விடை பன்னிரண்டு வயதிலிருந்தே சிறிது சிறிதாக உருவாகட்டும்.

நம் பாட்டன்மார்க்குத் தொழிலைப் பிறப்பு முடிவு செய்தது. பலருக்குத் தோட்டத்துரை முடிவு செய்தார். நம் பிள்ளைகளுக்கு முடிவு செய்யும் உரிமை கிடைத்திருக்கிறது. அந்த உரிமையை விளம்பரத் தாளிடம் ஒப்படைக்காமல் அவர்களே பயன்படுத்தத் துணை நிற்போம்.