ஆடிப்பெருக்கும் பரண்மேல் பெட்டியும்

பரம்பரை வீட்டை விற்பதென்று உடன்பிறந்தோர் நால்வரும் முடிவுசெய்தபின் பரணிலிருந்து இறக்கிய தகரப்பெட்டி ஒன்று மூன்று நாள்கள் கூடத்தின் நடுவே கிடந்தது. பித்தளைப் பாத்திரங்களையும் மரச்சாமான்களையும் ஒரு காலைப்பொழுதில் பங்கிட்டுவிட்டோம். காகிதங்கள் நிறைந்த அந்தப் பெட்டியில்தான் எங்கள் கை நின்றுபோயிற்று. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்னும் இந்தத் திகைப்பு தமிழ்க் குடும்பங்களுக்குப் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்மவர் இக்கேள்விக்கு அளித்த விடைகளால் எத்தனையோ நூல்கள் இருந்த தடமின்றிப் போயின.

உ.வே.சாமிநாதையர் (1855–1942) 'என் சரித்திரம்' நூலில் பதிவுசெய்துள்ள நிகழ்ச்சி ஒன்றை வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். ஏடு தேடித் திருநெல்வேலிச் சீமைக்குச் சென்றிருந்தபோது, வழிவழியாகச் சுவடிகளைக் காத்துவந்த ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவரை அவர் சந்திக்கிறார். இடத்தை அடைத்துக்கொண்டு யாருக்கும் பயனின்றிக் கிடந்த ஏடுகளை என்ன செய்வதென்று தெரியாமல், வீட்டு முதிய பெண்களின் சொற்படி ஓர் ஆடிப் பதினெட்டாம் நாளில் தேர்போல் கட்டி வாய்க்காலில் விட்டுவிட்டதாக அம்மனிதர் சொல்கிறார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலிலோ நிலைமை இன்னும் கொடியது. பழைய ஏடுகளைக் கண்ட இடத்தில் எறியலாகாது என்று, நெய்யில் தோய்த்து நெருப்பில் ஆகுதி செய்துவிட்டிருந்தார்கள்.

இக்கதைகளைச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பாட்டிமாரை அறியாமையின் உருவமாக நிறுத்துவது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. நமக்கு அதில் உடன்பாடில்லை. குப்பையில் கொட்டவோ அடுப்பெரிக்கவோ அவர்களுக்கு மனம் வரவில்லை; தேர் கட்டித்தான் அனுப்பினார்கள். அது அலட்சியம் அன்று, வழியனுப்புதல்.

பனையோலைக்கு ஆயுள் உண்டு. மிகக் கவனமாகப் போற்றினாலும் இருநூறு, முந்நூறு ஆண்டுகள். பூச்சி அரித்து, ஓரம் நொறுங்கத் தொடங்கியதும் புதிய ஓலையில் படியெடுத்தாக வேண்டும். படியெடுத்தபின் பழைய ஏட்டை நீருக்கோ நெருப்புக்கோ கொடுப்பதில் இழப்பு ஏதுமில்லை. ஆடிப்பெருக்குச் சடங்கு அந்த இரட்டைச் செயலின் பிற்பாதியாகவே இருந்திருக்க வேண்டும் என்பது நம் கணிப்பு. அச்சுப்புத்தகமும் புதிய பள்ளிக்கூடங்களும் வந்தபின் ஏடெழுதும் பழக்கம் அற்றுப்போயிற்று. படியெடுத்தல் நின்றது, வெள்ளத்தில் விடுதல் மட்டும் சடங்காக நீடித்தது. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். வாய்க்காலில் மிதந்து சென்ற தேர்களில் எவை இருந்தன என்பதை இனி எவரும் சொல்ல இயலாது.

விடாமல் வைத்திருந்த குடும்பங்களும் உண்டு. புதுச்சேரியில் துய்ப்ளேக்ஸின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761இல் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த செய்தி, கவர்னர் வீட்டுப் பேச்சு, ஊர்ச் சண்டை, சாவு என்று எல்லாம் அதில் உண்டு. அக்குறிப்பேடுகள் 1846இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டறியும்வரை பிள்ளையின் சந்ததியார் வீட்டிலேயே கிடந்தன. ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகள்! அவற்றின் வரலாற்று மதிப்பை அவ்வீட்டார் உணர்ந்திருந்தார்களா என்பது ஐயமே. பெரியவர் கைப்பட எழுதியது என்ற ஒன்றே காரணமாக இருந்திருக்கலாம். இடையிடையே சில பகுதிகள் தொலைந்துபோயின; எஞ்சியவை 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தன.

எதை வைத்துக்கொள்வது என்பதில் புலவர்களும் தவறக்கூடும். ஏடு தேடியவர்கள் இலக்கியத்தைத் தேடினார்கள். வீட்டுக் கணக்கோலைகளைத் தேடியவர் அரிது. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரை நாம் கொண்டாடுவது அதனால்தான். விளம்பரப் பலகை எழுதும் தொழில்செய்த அவர் அரிய நூல்களோடு திருமண அழைப்பிதழ், நாடக நோட்டீசு, தனிமனிதர் கடிதம் என்று மற்றவர் கழித்தெறிந்தவற்றையும் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கி, அயல்நாட்டுக்குக் கொண்டுசெல்லாமல், சென்னையிலேயே நூலகமாக அமைய வழிசெய்தது. ஏடுகளைக் காத்த சாமிநாதையர் வாழ்ந்த திருவல்லிக்கேணி 'தியாகராச விலாசம்' 2012இல் இடிபட்டதை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் பெட்டிக்கு வருவோம். தாத்தாவின் நன்னூலும் கம்பராமாயணமும் அச்சுநூல்கள். வேறு பிரதிகள் எங்கும் கிடைக்கும். அவர் பெயர் எழுதிய முதல் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு நூல்களை ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டோம். நெல் அளந்த கணக்கும் கூலி கொடுத்த கணக்கும் உள்ள பதினொரு நோட்டுகள் வேறெங்கும் இல்லாதவை. அவை இப்போது மூத்த அண்ணன் வீட்டில் இருக்கின்றன.

அடியில் ஓர் அஞ்சலட்டை கிடந்தது. ஓரத்தில் கறுப்பு மை தடவியது. சாவுச் செய்தி தாங்கிய அட்டையைப் படித்தவுடன் கிழித்துப் போடுவதே வழக்கம். வீட்டுக்குள் கொண்டுவரவும் மாட்டார்கள். பாட்டியோ தம் தங்கை இறந்த செய்தியைச் சொல்லும் அந்த அட்டையைப் பட்டுத்துணியில் சுற்றி வைத்திருந்தார். எல்லாச் சாத்திரங்களையும் எங்களுக்குக் கற்பித்தவர் அவர். ஆற்றில் விட்டுவிடலாம் என்றான் தம்பி. வேண்டாம் என்றாள் அக்கா. இரண்டு வாரமாயிற்று, அட்டை இன்னும் அவள் கைப்பையில்தான் இருக்கிறது.