ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ், சென்னை

ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, 1949 முதல் 1988 வரை சென்னையில் கார் தயாரித்த நிறுவனம். பிரித்தானியாவின் கொவென்ட்ரி நகரில் 1903இல் பிறந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் மதராஸின் யூனியன் கம்பெனியும் கூட்டாக 1948இல் இதைத் தொடங்கின. தொழிற்சாலை பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் இருந்தது. பிரித்தானியத் தாய் நிறுவனம் லேலண்ட் நிறுவனத்தின் கைக்குப் போன பின், 1963இல் பிரித்தானியாவில் ஸ்டாண்டர்ட் என்ற பெயரே கார்களிலிருந்து மறைந்தது. மதராஸில் அது மேலும் கால் நூற்றாண்டு ஓடியது.

முதலில் வான்கார்ட் காரின் பாகங்களை வரவழைத்துப் பூட்டினார்கள். அடுத்து ஸ்டாண்டர்ட் டென் வந்தது. நிறுவனத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது 1961இல் வந்த ஹெரால்ட். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலொட்டி வரைந்த உடல், 948 சிசி எஞ்சின். பொனட்டோடு முன்பக்க மட்காட்டுகளும் சேர்ந்து முன்னோக்கித் திறந்துகொள்ளும் என்பதால் மெக்கானிக்குகள் எஞ்சினருகே தடையின்றி நின்று வேலை பார்க்கலாம். பிரித்தானியாவில் இரண்டு கதவுகளோடு நின்றுவிட்ட இந்தக் காருக்கு, குடும்பத்தோடு பயணம் செய்யும் இந்தியருக்காக 1960களின் இறுதியில் நான்கு கதவுகள் வைத்தது மதராஸ்தான். இது சிறிய விசயமல்ல: உரிமம் வாங்கி ஒட்டுவதோடு நில்லாமல், மூல நிறுவனம் செய்யாததைச் செய்துகாட்டினார்கள். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடும் அச்சமைப்பை வாடிக்கையாளர்கள் நம்பவில்லை. அதனால் 1970களில் வந்த கெஸல் என்ற காரில் வழமையான முழு அச்சு இடம்பெற்றது. கெஸல் சொற்ப எண்ணிக்கையில்தான் தயாரானது. அதன் பின் சில ஆண்டுகளுக்குச் சிறு வர்த்தக வாகனங்களே நிறுவனத்தைத் தாங்கின.

1985இல் வெளியான ஸ்டாண்டர்ட் 2000 தான் நிறுவனத்தின் கடைசி முயற்சி. 1977இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் எனத் தெரிவான ரோவர் எஸ்டி1 இன் உடல் அதற்கு. பிரித்தானியாவில் உயர்ரக ரோவர்களில் 3.5 லீட்டர் வி8 எஞ்சின் இருந்தது. இங்கே பொருத்தியதோ 1,991 சிசி வான்கார்ட் எஞ்சின். அந்த எஞ்சினின் வம்சம் 1940களைச் சேர்ந்தது. அக்காலத்து ஃபெர்கூசன் உழவு இயந்திரங்களிலும் அதே வம்சம்தான் உறுமியது. வயல்களில் அந்த இயந்திரங்களை ஓட்டிப் பழகியவர்களுக்கு எஞ்சினின் குணம் சொல்லாமலே புரியும்: இழுக்கும், பாயாது. மேடுபள்ளச் சாலைகளுக்காக வண்டியை உயர்த்தியும் கட்டினார்கள்.

விலையோ சொகுசுக் காருடையது. 1983இன் இறுதியில் வந்த மாருதி 800 அதற்குள் சிக்கனத்தையும் ஜப்பானியத் தொழில்நுட்பத்தையும் மக்களுக்குப் பழக்கிவிட்டிருந்தது. மூன்று ஆண்டுகளில் 2000 நின்றது. அதோடு கார் தயாரிப்பும் நின்றது. பழைய எஞ்சினே வீழ்த்தியது என்று சொல்வது வழக்கம். மாருதிக்கு முன், அரசு உரிமத்தால் போட்டி குறைந்திருந்த சந்தையில் புதிய எஞ்சின் உருவாக்கும் தேவை எழாமல் போனதையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும்.

தொழிற்சாலை 2006இல் விற்கப்பட்டது. அங்கே பயன்படாமல் கிடந்த உதிரிப் பாகங்களை, பழைய ரோவர்களுக்குப் பாகம் விற்கும் பிரித்தானிய நிறுவனம் ஒன்று வாங்கிச் சென்றது.