திருச்சாரணத்து மலை

மார்த்தாண்டத்திலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தொலைவில் சிதறால் என்னும் சிற்றூர் இருக்கிறது. காலையில் புறப்பட்டால் நண்பகலுக்குள் அவ்வூர் மலையைக் கண்டு திரும்பிவிடலாம். அரை நாளில் ஓராயிரம் ஆண்டைக் கடந்து வரும் பயணம் அது.

மேலேறியவுடன் கண்ணுக்குப் படுவது குழித்துறை ஆறு. அதற்கும் தாமிரபரணி என்றே பெயர். நெல்லைச் சீமைப் பொருநையோடு அதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. பின்னர்ப் பாறைகளுக்கிடையே ஒடுங்கிய வழியில் நுழைந்தால், தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாய்க் காட்சி தருகின்றன. பாம்பு படமெடுத்துக் குடைபிடிக்க நிற்பவர் பார்சுவநாதர். கவிந்து நிற்கும் பெரும்பாறையே கூரையாக அமைந்த கோயில் அப்பால் இருக்கிறது.

இம்மலையின் பழம்பெயர் திருச்சாரணத்து மலை. சாரணர் என்போர் வானிற் செல்லும் ஆற்றல் பெற்றவராகச் சமணர் போற்றிய முனிவர். ஆனால், மாணவர்களே, இங்கே நம் கருத்தைக் கவரவேண்டியவர் முனிவரல்லர், ஒரு பெண்மணி. ஆய் குல மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு அவரைக் குறிக்கின்றது. பேராயிற்குடி அரட்டநேமி படாரரின் மாணாக்கியாராகிய குணந்தாங்கி குரத்திகள், இம்மலைப் படாரியாருக்குப் பொன் அணி அளித்தார் என்பது அதன் செய்தி. குரத்தி என்றால் ஆசிரியை. குரவர் என்னும் சொல்லுக்குப் பெண்பால். ரகர றகரம் மயங்கி, மலைக்குறத்தி என்று பொருள்கொள்வார் உளர், அது பிழை. துறவிக்குப் பொன் ஏது என்று கேட்கலாம். அடியார் தமக்களித்ததைத் தெய்வத்துக்கு அளித்தார் போலும்!

இந்த வரகுணனே பாலியம் செப்பேட்டின்வழி ஸ்ரீமூலவாசம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு நிலம் வழங்கியவன் என்பதும் நினைக்கத் தக்கது.

13-ஆம் நூற்றாண்டு வாக்கில் இக்கோயில் பகவதி கோயிலாயிற்று. சமணர் வழிபட்ட அம்மையையே ஊரார் பகவதி என வணங்கினர். அருகிருந்த தீர்த்தங்கரரை அப்புறப்படுத்தினாரல்லர். அரசன் ஆணையினும், மலையடிவாரத்து மக்களின் இப்பெருந்தன்மையே இச்சிற்பங்களைக் காத்தது என்பது என் எண்ணம்.

குரத்திகளின் சுவடு இம்மலையோடு நின்றுவிடவில்லை. நூறு கிலோமீட்டருக்கு அப்பால், கோவிற்பட்டியை அடுத்த கழுகுமலையிலும் பாறைச் சிற்பங்கள் உள்ளன. அவற்றின் கீழே, செய்வித்தோர் பெயர்களுள் ஒன்றாகத் திருச்சாரணத்துக் குரத்திகள் என்னும் பெயர் பொறிக்கப்பட்டிருக்கின்றது.